அறுபத்து நாலில் வந்து இறங்கியவர்கள்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி ஆனால் போதும், வீட்ஸ்கா ஊருக்குக் கிளம்பிவிடுவாள். பெரிய நீலப் பெட்டியைச் சரளைக்கல் பாதையில் கடகடவென்று இழுத்துக்கொண்டு போய்க் காரில் ஏற்றுவாள். நாலு பேர் காதில் விழட்டும் என்று டிக்கியைச் சத்தமாகவே சாத்துவாள். விடுமுறை வளாகத்தின் வாசல் தடுப்புக் கம்பத்தைத் தாண்டும்போது ஆபீஸ் வரவேற்பறை ஜன்னலைப் பார்த்து ஒரு கையசைப்பு. பிறகு எங்கே போவாள்? பத்து நிமிஷத் தொலைவில் இருக்கும் சூப்பர்மார்க்கெட்டுக்குத்தான். ரொட்டி, பால், பாலாடைக்கட்டி வாங்கிக்கொண்டு, காருக்குள்ளேயே உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போடுவாள். மூன்று மணிக்கு அதே பெட்டியோடு, அப்பாடா, ஒருவழியாக லீவு கிடைத்தது என்ற முகத்துடன் திரும்பி வருவாள். பெட்டிக்குள் இரண்டு தலையணையைத் தவிர ஒன்றும் கிடையாது.

இந்தக் கூத்து நாலு வருஷமாக நடக்கிறது. வெள்ளியும் திங்களும் ஆள் மாறும் நாட்கள். பழைய குடும்பங்கள் போகும், புதுக் குடும்பங்கள் வரும். அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்வந்தால் யார் கண்ணிலும் படாது என்பது அவள் கணக்கு.

காட்டுக்குள் இருக்கும் அந்த அறுபத்து மூன்றாம் எண் மரவீடு அவளுடையதுதான். பத்திரம் அவள் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அதில் விடுமுறைக்கு வந்து தங்கலாமே தவிர, குடியிருக்கக் கூடாது. அது சட்டம். விவாகரத்தில் கைக்கு வந்ததை வைத்து இதைத்தான் வாங்க முடிந்தது. ஊருக்குள் வாடகை வீடு கேட்டுப் பதிவு செய்தால் பதினோரு வருஷம் காத்திருக்கச் சொன்னார்கள். அறுபத்தோரு வயதில் பதினோரு வருஷம் எங்கே போய்க் காத்திருப்பது, மரத்தடியிலா? அதனால் ஆப்பல்டோர்ன் நகரில் இருக்கும் தங்கை வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு இங்கே சத்தமில்லாமல் இருந்துகொண்டாள். குளிர்கால மேல்கோட்டுகளைக் கார் டிக்கியில் ஒளித்து வைத்தாள். தன் பெயர் போட்ட கடிதம் ஒன்றுகூட வராமல் பார்த்துக்கொண்டாள்.

முன்பெல்லாம் இங்கே யாரும் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது காட்டுக்கே மவுசு வந்துவிட்டது. பெல்ஜியத்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து குவிகிறார்கள். புது நிர்வாகம் மூன்று வரிசை வீடு புதிதாகக் கட்டிவிட்டது, கண்ணாடிக் கூரை போட்ட நீச்சல்குளத்தில் சறுக்குமரம் வைத்துவிட்டது. இனி இது குடும்பங்கள் குதூகலிக்கும் இடம், இங்கே யாரும் நிரந்தரமாகக் குடியிருக்க முடியாது, நகராட்சி சோதனை போடும் என்று எல்லார் தபால்பெட்டியிலும் அச்சடித்த தாள் விழுந்தது.

சோதனை என்றால் சீருடை போட்டுக்கொண்டா வருவார்கள்? பன்னிரண்டாம் எண்ணில் இருந்த ஹார்ம் கிழவரை எப்படிப் பிடித்தார்கள் தெரியுமா? லீவுக்கு வந்தவன் போல ஒருவன் போய் உப்பு கேட்டானாம். அவர் அலமாரியைத் திறந்திருக்கிறார். உள்ளே பத்து பாட்டில் பழப்பாகு, ஒரு மூட்டை மாவு. வார இறுதிக்கு வந்தவனுக்கு எதற்கு ஒரு மூட்டை மாவு? அடுத்த வாரம் நோட்டீஸ் வந்துவிட்டது.

அதனால்தான் அக்டோபரில் அறுபத்து நாலாம் எண் வீட்டில் வந்து இறங்கியவர்களைப் பார்த்ததுமே அவள் உஷாரானாள்.

முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். அவளோடு ஏழு வயதுப் பிள்ளை ஒன்று. இரண்டே பேர். முதல் நாளே ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டார்கள். இந்த நாட்டில் எவர் திரையை மூடுகிறார்? சைக்கிள் வாடகைக்கு எடுக்கவில்லை. நீச்சல்குளத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. காலை ஏழரைக்குப் பிள்ளையைப் புத்தகப்பையோடு காரில் ஏற்றிக்கொண்டு போய், பிற்பகலில் அழைத்து வந்தாள். அப்படியானால் பிள்ளை பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது! பக்கத்து ஊர்க்காரி எவளாவது பக்கத்துக் காட்டுக்கு லீவுக்கு வருவாளா? அப்படி வருவதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள் ஒரே ஒரு வகைதான். நகராட்சி ஆள்! பிள்ளையை வேறு கூட்டி வந்திருக்கிறாள், சந்தேகம் வராமல் இருக்க. என்ன நெஞ்சழுத்தம் என்று வீட்ஸ்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதற்கெல்லாம் மேலே ஒன்று. வெள்ளிக்கிழமை அவள் பெட்டியோடு கிளம்பினால், பின்னாலேயே அந்தக் காரும் கிளம்பியது. சூப்பர்மார்க்கெட் வாசலில் நாலு கார் தள்ளி அது நின்றது. மூன்று மணிக்கு அவள் திரும்பினால் அதுவும் திரும்பியது. ஒரு வாரம் என்றால் தற்செயல் என்று விடலாம். மூன்று வாரம் இப்படியே நடந்தது.

நாலாவது வாரம் அந்தப் பெண் வந்து கதவைத் தட்டினாள்.

"ஹலோ, நான் பக்கத்து வீடு, யோரீன். காபி வடிகட்டுற தாள் தீந்துபோச்சுங்க. ஒரு பத்து இருந்தாக் குடுங்களேன், கடைக்குப் போனதும் திருப்பிக் குடுத்துடறேன்."

உப்பு போய் இப்போது வடிகட்டித் தாளா? வீட்ஸ்கா கதவை ஒரு சாண் மட்டும் திறந்து வைத்துக்கொண்டு பேசினாள். "பாக்கிறேன். நானே லீவுக்கு வந்தவ. எடுத்துட்டு வந்தேனோ என்னவோ."

"ஓ, லீவா?" யோரீனின் கண் ஒரு நொடி அவள் தோளுக்கு மேலே போய் வந்தது. "எத்தன நாள் இருப்பீங்க?"

"இந்த வாரக் கடைசி வரைக்கும்தான். நீங்க?"

"நாங்களும் அப்படித்தான். வாரக் கடைசி வரைக்கும்."

"பிள்ளைக்கு ஸ்கூல் இல்லையா?"

"இருக்கு... இல்ல... இந்த வாரம் ஒரு மாதிரி ஏற்பாடு."

ஒரு மாதிரி ஏற்பாடாம்! பத்துத் தாளுக்குப் பதில் முழுப் பாக்கெட்டையும் இடுக்கு வழியாக நீட்டிவிட்டு வீட்ஸ்கா கதவைச் சாத்தினாள். காபி சாப்பிடுகிறாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் விட்டது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தவள், ஆறாவது வாரம் திங்கட்கிழமை கோட்டை விட்டாள்.

பிள்ளை ஓடிவந்தது. ஃபென்னா என்று பெயர். முன்பல் ஒன்று இல்லை. முதுகில் புத்தகப்பை. "பக்கத்து வீட்டம்மா! அவசரம்! அம்மா சாவியைத் தொலைச்சுட்டாங்க, கார் பூராத் தேடிட்டிருக்காங்க. எனக்கு இப்பவே வந்துரும்!"

காலை மாற்றி மாற்றிக் குதிக்கிற பிள்ளையை எப்படிப் போ என்று சொல்வது? உள்ளே விட்டாள். பிள்ளை போனது போனதுதான், வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது ஒரு வண்ணப் பென்சிலைப் பைக்குள் திணித்துக்கொண்டே வந்தது.

"உங்க டாய்லெட்ல பிறந்தநாள் காலண்டர் தொங்குதே!"

வீட்ஸ்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோட்டை ஒளித்தாள், கடிதத்தை ஒளித்தாள், மாவைக்கூடக் கால் கிலோவாகத்தான் வாங்கினாள். ஆனால் கழிப்பறைக் கதவின் உட்பக்கம் அந்தக் காலண்டர் தொங்குவது அவள் புத்திக்கு உறைக்கவே இல்லை. எப்படி உறைக்கும்? வீடென்று ஒன்று இருந்தால் கழிப்பறையில் அது இருக்கும். வருஷம் போடாத பன்னிரண்டு தாள், பிறந்த தேதிக்கு எதிரே வேண்டியவர்களின் பெயர். வந்தவர்களும் உட்கார்ந்த இடத்தில் தங்கள் பெயரை எழுதிவிட்டுப் போவார்கள். அம்மா வீட்டில் இருந்தது, புருஷன் வீட்டில் இருந்தது, இங்கேயும் வந்த அன்றே ஆணி அடித்து மாட்டிவிட்டாள். அது வாடகைக்கு விடும் வீட்டில் இருக்காது. குடியிருக்கிற வீட்டில்தான் இருக்கும்.

"அது... எல்லா லீவு வீட்டுலயும் இருக்கும் கண்ணு."

"எங்க வீட்ல இல்லையே. ஆணிகூட இல்ல." பிள்ளை ஓட்டைப் பல் தெரியச் சிரித்தது. "அம்மாகிட்ட சொல்றேன்!" ஒரே ஓட்டம்.

பென்சில் எதற்கு? குறிப்பு எடுத்திருக்கிறது! ஏழு வயதுப் பிள்ளைக்கு என்னவெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் பாவி! வீட்ஸ்கா காலண்டரைப் பிடுங்கி, விரித்துக்கூடப் பார்க்காமல் சமையலறை இழுப்பறையில் துணிகளுக்கு அடியில் செருகினாள்.

மறுநாள் காலை வளாக ஆபீஸ் வரவேற்பறையில் போய் நின்றாள். யோசித்துத்தான் போனாள். யோரீன் நகராட்சி ஆள் என்றால் ஆபீஸ் அவள்மேல் கை வைக்காது, விஷயம் தெரிந்துவிடும். புகார் கொடுத்தவள்மேல் யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். நகராட்சி ஆள் இல்லை என்றால்? அந்த யோசனையை அவள் முடிக்கவில்லை. முடிக்கப் பிடிக்கவில்லை.

"மார்லூஸ், ஒரு விஷயம். எனக்கென்ன வந்தது, ஆனாலும் சொல்றேன். அறுபத்து நாலுல இருக்கறவங்க லீவுக்கு வந்த மாதிரி தெரியல. அஞ்சு வாரமாப் பாக்கறேன், அங்கயேதான் இருக்காங்க."

வரவேற்பு மேஜையில் இருந்த மார்லூஸ் கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள். "அஞ்சு வாரமாவா?"

"அஞ்சு முழு வாரம்."

"சரி, அப்படியே எழுதிக்கறேன். ரொம்ப தேங்க்ஸ் வீட்ஸ்கா."

திரும்பி நடக்கும்போது அவளுக்குத் தெம்பாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை பிற்பகல் நகராட்சி முத்திரை போட்ட வெள்ளைக் கார் வந்து நின்றது. அறுபத்து நாலின் வாசலில். ஒரு மனிதர் கோப்போடு இறங்கி உள்ளே போனார். முக்கால் மணி நேரம் கழித்து யோரீன் வெளியே வந்து காரில் மூட்டைகளை ஏற்ற ஆரம்பித்தாள். தலையணை, மெத்தை விரிப்பு, குக்கர், தரைவிளக்கு, பனிக்கால பூட்ஸ். நகராட்சி ஆளிடம் தரைவிளக்கு எதற்கு? வீட்ஸ்கா சமையலறை ஜன்னலோரம் நின்றபடி பார்த்தாள். ஐயோ, இவளும் என்னைப் போலத்தானா!

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. யோரீன் நின்றாள், கையில் பிரிக்காத புது வடிகட்டித் தாள் பாக்கெட். அழுத முகம். பக்கத்தில் ஃபென்னா.

"இது உங்களுது. வாங்கி வெச்சுக் குடுக்க மறந்துட்டேன். கடன் வெச்சுட்டுப் போகக் கூடாது பாருங்க."

"எங்க போறீங்க?" வீட்ஸ்கா கேட்டாள்.

"என் சிநேகிதி வீட்டுக் கார் ஷெட்டுக்கு. ரெண்டு வாரம் தாங்கும். அப்புறம் தெரியல." யோரீன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு லேசாகச் சிரித்தாள். "ஒண்ணு சொல்லட்டுமா? மொதல்ல உங்கள நகராட்சி ஆள்னுதான் நினைச்சோம். எப்பப் பாரு ஜன்னல்ல நிப்பீங்க. வெள்ளிக்கிழமை பெட்டியோட போனா கடை வாசல்லயும் நீங்க! பயந்து நடுங்கிட்டேன். அப்புறம் இவ வந்து உங்க டாய்லெட்ல காலண்டர் இருக்குன்னு சொன்னா பாருங்க, அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன். அட, நம்ம ஆளுதான்னு."

வீட்ஸ்கா பாக்கெட்டை வாங்கக் கையை நீட்டவில்லை.

யோரீன் குரலைத் தாழ்த்தினாள். "யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க. நீங்க ஜாக்கிரதையா இருங்க. அந்தக் காலண்டரைக் கழட்டி வெச்சுடுங்க, என்ன?"

அவள் சொல்லி முடிக்கவில்லை, சரளைக்கல் நொறுங்கும் சத்தம் கேட்டது. கோப்புக்காரர் படியேறி வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், கால்மிதியில் காலைத் துடைத்துக்கொண்டார்.

"வீட்ஸ்கா மேடம் நீங்கதானே? ஆபீஸ்ல தகவல் சொன்னது நீங்கதான்னு எழுதியிருக்கு. ஒரு கையெழுத்து வேணும்." கோப்பைப் புரட்டினார். "அஞ்சு முழு வாரமாப் பாத்தேன்னு சொல்லியிருக்கீங்க. சும்மா கேக்கறேன், எங்கேர்ந்து பாத்தீங்க?"

யோரீன் மெல்லத் திரும்பி வீட்ஸ்காவைப் பார்த்தாள். திட்டியிருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம். பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையை வீட்ஸ்காவால் தாங்க முடியவில்லை.

இதற்குள் ஃபென்னா கழிப்பறைக்குள் போய் எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "பக்கத்து வீட்டம்மா, காலண்டரைக் காணோமே! என் பேர் எழுதியிருந்தேனே!"

கோப்புக்காரர் புருவத்தை உயர்த்தினார். வாரக் கடைசிக்குத்தான் வருவேன், தங்கை வீட்டில்தான் இருக்கிறேன், எல்லாப் பதிலும் நாலு வருஷமாக நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவற்றை விட்டுவிட்டு வீட்ஸ்கா சமையலறைக்குப் போனாள். இழுப்பறையைத் திறந்து காலண்டரை எடுத்துத் தாள்களைப் புரட்டினாள். பிப்ரவரி பதினாலுக்கு எதிரே ஊதாப் பென்சிலில், கோணல் எழுத்தில், ஃபென்னா என்று இருந்தது. பிப்ரவரியிலும் இங்கேதான் இருப்போம் என்று நம்பியிருக்கிறது பிள்ளை.

அதைக் கொண்டுபோய்ப் பழைய ஆணியிலேயே மாட்டினாள். பிறகு வாசலுக்கு வந்து அந்த மனிதரிடம் சொன்னாள்.

"இந்தச் சமையலறை ஜன்னல்லேர்ந்துதான் பாத்தேன். நாலு வருஷமா இங்கதான் இருக்கேன். எழுதிக்குங்க."

"மேடம், நீங்க இதச் சொன்னதால அவங்களுக்கு ஒண்ணும் மாறப் போறதில்ல."

"தெரியும். எழுதுங்க."

அவர் பேனாவைத் திறந்தார். யோரீன் பாக்கெட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.