இடது கோடி வாளி

அப்பாவை ஏற்றிக்கொண்டு போன வண்டி செக்டர் முனையில் திரும்பியதும், விசாலாக்ஷி அத்தை புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டிலிருந்த தண்ணீரையெல்லாம் கொட்ட ஆரம்பித்தாள். சமையலறை டிரம், பூஜை அலமாரிச் சொம்பு, ஃபிரிட்ஜில் இருந்த பாட்டில்கள், எதையும் விடவில்லை. சாவு விழுந்த வீட்டில் பிடித்துவைத்த தண்ணீர் இருக்கக் கூடாது. தில்லிக்கு வந்து ஐம்பது வருஷமாகியும் அப்பாவின் தங்கை விடாத விஷயங்களில் இதுவும் ஒன்று. நான் அப்பாவின் அறையில் தரையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜூன் மாதம், விடியற்காலையில் ஒரு மணி நேரம் மட்டும் குழாயில் தண்ணீர் வரும் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ். இவ்வளவு தண்ணீர் ஒரேயடியாக ஓடி இந்த வீட்டில் கேட்டதே இல்லை. நாங்கள் குளிப்பதற்குப் பக்கத்து வீட்டு பாபிஜிதான் தன் வீட்டிலிருந்து தண்ணீர் கொடுத்தாள்.

அப்பா போனதே தண்ணீரால்தான் தெரிந்தது. விடியற்காலை குழாய் திறந்து காற்று சீறும் சத்தம் கேட்டும் அவர் எழுந்திருக்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு அவர் எழுந்திருக்காத நாளே கிடையாது.

அது அப்பாவின் அறை என்று சொல்வது உபசாரத்துக்கு. உண்மையில் அது மீன்களின் அறை. வீட்டில் ஏசி இருந்தது அங்கே மட்டும்தான், அதுவும் மீன்களுக்காகப் போட்டது. ஓடையில் இருந்து பழகியவை, தில்லிக் கோடை அவற்றுக்கு ஆகாது. மீன் தயவில் ஏசியில் படுக்கிறேன் என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். விரல் நீளம்தான் இருக்கும். வயிற்றோரம் ஒரு செம்புக் கோடு, வாலடியில் ஒரு கரும்புள்ளி. தெற்கே மலையடிவாரத்தில் ஒரே ஒரு ஓடையில் இருந்தவை. சுற்றிலும் போர்வெல் இறக்கி இறக்கி ஓடை வற்றியது. கடைசியாக ஒரு பாறைக்குழியில் தேங்கியிருந்த தண்ணீரிலிருந்து நானும் என்னோடு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பெலிக்ஸும் அள்ளி வந்த மீன்களின் வாரிசுகள் இவை. அதன்பிறகு வேறெங்கும் கிடைக்கவில்லை. நாங்கள் தேடாமல் இல்லை. ஆராய்ச்சி நிறுவனத்தில் திட்டம் முடிந்து தொட்டி அறையைக் காலிசெய்யச் சொன்னபோது மிச்சமிருந்த பதினோரு மீன்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நாகர்கோவிலில் பெலிக்ஸ் வேலைபார்க்கும் கல்லூரியில் ஒரு குளம் வெட்டி, மழை வந்ததும் அனுப்புவதாக ஏற்பாடு. ஜூலையில் ஆக்ஸிஜன் பைகளில் விமானம் ஏற வேண்டியவை. அங்கே பெருகினால், ஓடையில் என்றாவது தண்ணீர் வரும்போது திருப்பி விடலாம். அவ்வளவுதான் என் பதினான்கு வருஷப் படிப்பின் சாரம்.

அப்பா அமைச்சகத்தின் பொருளாதார ஆய்வுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கு என்ன விலை, யாருக்கு என்ன லாபம் என்று முப்பது வருஷம் அறிக்கை எழுதியவர். மீன்கள் வந்த அன்று தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். இதை யாராவது தின்கிறார்களா, இல்லை. விற்கிறார்களா, இல்லை. கொசு முட்டையாவது தின்கிறதா, ஏதோ கொஞ்சம்.

"அப்போ இதுக்கு விலையே கிடையாது, காத்து மாதிரி" என்றார். "இருக்கறவரைக்கும் ஒத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டா. போனப்பறம் கணக்குப் போடுவா."

அந்த வாரமே தண்ணீர் மாற்றும் வேலையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். தில்லிக் குழாய்த் தண்ணீரில், அதுவும் கோடையில், குளோரின் தூக்கலாக இருக்கும். அதை முறிக்கச் சொட்டு மருந்து வாங்கி வைத்திருந்தேன். வெயில் சும்மா கிடைக்கும்போது மருந்துக்கு எதற்குச் செலவு என்று அதை அலமாரியில் தள்ளிவிட்டார். பால்கனியில் மூன்று வாளிகள். மேலே கொசுவலைத் துணி. காலையில் பிடிக்கும் வாளி வலது கோடியில் போய் நிற்கும். அது ஒவ்வொரு நாளாக இடது பக்கம் நகர்ந்து, இடது கோடிக்கு வரும்போது நன்றாக வெயில் குடித்துக் குளோரின் போயிருக்கும். அதைத்தான் மக்கில் மொண்டு, கிழவர் காப்பி ஆற்றுவது மாதிரி நிதானமாகத் தொட்டியில் ஊற்றுவார். ரேஷன் வரிசை மாதிரி, முதலில் வந்தவன் முதலில் போகணும் என்பார். வீட்டில் எல்லோருக்கும் அது பாடம். இடது கோடி வாளி என்றால் மீன் தண்ணீர்.

என் கணவர் சுந்தரேஷ் செவ்வாய் கிரகத்தின் நிலவியல் படிப்பவர். அங்கே முந்நூறு கோடி வருஷத்துக்கு முன்னால் ஓடி வற்றிய ஆறுகளின் தடங்களைப் படங்களில் தேடிக்கொண்டிருப்பவர். அப்பாவுக்கு இது தீராத வேடிக்கை. "மாப்பிள்ளை வத்திப்போன ஆத்தப் படிக்கறார், பொண்ணு வத்தப்போற ஆத்தப் படிக்கறா. நம்மாத்துக் குழாயைப் படிக்கத்தான் ஆளில்லை" என்பார். அந்த ஆளாகத் தன்னை அவரே நியமித்துக்கொண்டார் என்று இப்போது தோன்றுகிறது. என் அம்மா போய் ஒன்பது வருஷம், அவருக்கும் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டியிருந்திருக்கும்.

நான் அவருக்கு ஒரே பெண். கொள்ளி வைத்தது சுந்தர்தான். லோதி ரோடு மயானத்திலிருந்து திரும்பி வந்தவர் இரவெல்லாம் தூங்காமல் விடியும் நேரத்தில்தான் கண் அயர்ந்தார். மறுநாள் விடியற்காலை குழாயில் காற்று சீறியபோது அத்தை எழுந்து, முந்தின நாள் கொட்டியதையெல்லாம் ஒன்றுவிடாமல் நிரப்பியிருக்கிறாள். டிரம், சொம்பு, பாட்டில்கள். பால்கனியில் மூன்று வாளிகளையும் அண்ணா வைத்திருந்த இடத்திலேயே, அதே அளவுக்கு நிரப்பி, கொசுவலையைப் போட்டு மூடியிருக்கிறாள். அத்தைக்கு இரண்டு கண்ணிலும் புரை. எதையும் இருந்த இடத்தில் இருந்த மாதிரி வைத்தால்தான் அவளால் நடமாட முடியும்.

சற்று நேரம் கழித்து சுந்தர் எழுந்திருக்கிறார். நான் அசந்து தூங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு வேலையாவது குறையட்டும் என்று நினைத்திருக்கிறார். முந்தின நாள் தண்ணீர் மாற்றாமல் விட்டுப்போனதற்கும் சேர்த்து, இடது கோடி வாளியை முழுசாகவும், அடுத்ததில் பாதியையும் ஊற்றிவிட்டார். அப்பாவைப் போலவே மக்கில் மொண்டு, நிதானமாக.

நான் எழுந்து வந்தபோது அறையில் நீச்சல்குள வாடை அடித்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சில பக்கவாட்டில் சாய்ந்திருந்தன. அலமாரியிலிருந்து சொட்டு மருந்தை எடுத்துப் புட்டியோடு கவிழ்த்தேன். காற்று பம்பின் வேகத்தைக் கூட்டினேன். அடிபட்ட செவுள் மருந்துக்கு ஆறாது என்று எனக்குத் தெரியும், மாணவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறவளே நான்தான். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சுந்தர் காலி மக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார்.

"இடது கோடி பால்டியத்தானே எடுத்தேன், ஸ்வப்னா" என்றார்.

தெரியும் என்றேன். அவரைத் திட்ட எனக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சமையலறைக்குப் போனேன். அத்தை தரையில் உட்கார்ந்து புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், விரலால் தடவித் தடவி. பால்கனி வாளித் தண்ணீரையும் நேற்றுக் கொட்டினாயா என்று கேட்டேன். குரலை எப்படிச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன் என்று தெரியவில்லை.

"எல்லாத்தையும் கொட்டிட்டேன்டி கண்ணு. பொட்டுத் தண்ணி விடலை" என்றாள். பிறகு நான் பயப்படுவதாக நினைத்தாளோ என்னவோ, கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "மீன் தொட்டியை மட்டும் தொடலை. அதையும் மாத்தணும்னுதான் சாஸ்திரம். ஆனா அதுல உசிர் இருக்கே. உசிர் இருக்கற தண்ணிக்குத் தீட்டு ஏது? அண்ணா வளர்த்ததாச்சே."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தை என் தலையைத் தன் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அப்போதுதான், வீட்டில் இரண்டு நாளாக எல்லோரும் எதிர்பார்த்த அழுகை எனக்கு வந்தது. அண்ணா அண்ணா என்று அத்தையும் சேர்ந்து அழுதாள். மறைப்பானேன், நான் அன்று மீன்களுக்குத்தான் அழுதேன். அப்பா எழுபத்தெட்டு வருஷம் இருந்தார், அவருக்கு அழ நாங்கள் இருந்தோம். இவற்றுக்கு உலகத்தில் வேறு ஆள் கிடையாது. அப்பாவுக்கு அழுதது பிறகு ஒரு நாள், அவர் கையால் பிடித்த கடைசித் தண்ணீரும் சாக்கடைக்குள் போய்விட்டது என்று உறைத்தபோது.

பெலிக்ஸுக்குப் போன் செய்தேன். அப்பாவின் செய்தி ஏற்கெனவே தெரிந்து துக்கம் கேட்கத் தொடங்கினான். இடைமறித்து மீன்களைச் சொன்னேன். அங்கே மழை கொட்டும் சத்தம் போனில் கேட்டது.

"நேத்துத்தான் குளத்துக்குத் தண்ணி வுட்டோம்க்கா" என்றான். பிறகு, "நீங்க ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

மீன்களைக் கெடாமல் இருக்க ஒரு கண்ணாடிப் புட்டியில் எரிசாராயத்தில் இட்டு மூடினேன். அது எங்கள் தொழிலின் ஈமக்கிரியை. அதில் செம்புக் கோடு நாலே நாளில் வெளுத்துவிடும். புட்டியைப் புத்தகங்களுக்குப் பின்னால் வைத்தேன். அத்தையிடம் சொல்லிவிடலாம் என்று சுந்தர் ஒரு தரம் சொன்னார். நான் சொல்லவில்லை. கோபமில்லாமல் இல்லை. அத்தை குழாயடியில் நின்றால் நான் அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன். ஆனால் எழுபத்தைந்து வயதில், அண்ணனைப் பறிகொடுத்த கையோடு, இதையும் அவள் தலையில் ஏற்றி நான் எதைத் திரும்பப் பெறப்போகிறேன்? அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பம்பும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினால் அத்தை ஏன் சத்தத்தைக் காணோம் என்று கேட்பாள். தினமும் விடியற்காலையில் அவள் மூன்று வாளிகளையும் நிரப்பினாள். நான் ஒவ்வொரு நாளும் இடது கோடி வாளியை எடுத்துப்போய்த் தொட்டியில் ஊற்றினேன்.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து, லக்ஷ்மிபாய் நகர் வீட்டுக்கு அத்தையைக் கூட்டிப்போக அவள் மகன் ஐயப்பன் வந்தான். ஆட்டோ கீழே நின்றது, ஆட்டோக்கார பையா ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். வாசல் வரை போன அத்தை, கையை உதறிக்கொண்டு திரும்பி வந்தாள். சுவரைத் தடவியபடி அப்பாவின் அறைக்குப் போய், தொட்டிக்குப் பக்கத்தில் அண்ணா வைத்திருந்த தீனி டப்பாவைத் தானே கண்டுபிடித்தாள். ஒரு சிட்டிகை எடுத்து, மூடியைத் தள்ளி, தண்ணீரில் தூவினாள். கண்ணாடிக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அண்ணா இல்லேன்னு ஏங்கிப்போயிருக்கும்" என்றாள். "திங்கறதா?"

"திங்கறது அத்தை."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு, இன்னொரு சிட்டிகை போட்டாள். பம்பின் குமிழிகள் மேலே வரும் இடத்தில் அந்தத் தூள் ஒதுங்கிப் பிரிந்து, தொட்டியின் ஓரமாகச் சுற்றி, மறுபடியும் அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தது.