ஹர்ஷினி கேட்டது புராசசர்

ஹர்ஷினிக்கு உச்சந்தலை வரை கொதித்தது. தன் கம்ப்யூட்டருக்கு அவள் கேட்டது புராசசர். வந்து சேர்ந்தது கிராபிக்ஸ் கார்டு.

"பிறந்தநாளுக்கு என்ன வேணுமோ கேளு" என்று வாயைத் திறந்தவன் அண்ணன் வருண்தான். சால்ட் லேக்கில் ஐ.டி. வேலை, கை நிறையச் சம்பளம். அவளும் நாள் தவறாமல் அவன் காதில் ஓதினாள். விளையாடும்போது புராசசர் நூறு சதவீதம் ஓடி மூச்சு வாங்குகிறது, கார்டு பாதி வேலைகூட இல்லாமல் சும்மா கிடக்கிறது, மாற்ற வேண்டியது புராசசரைத்தான் என்று திரையிலேயே எண்களைக் காட்டினாள். மண்டையை மண்டையை ஆட்டிவிட்டு, அவள் பவானிபூரில் கல்லூரியில் இருந்த நேரம் பார்த்து, அந்தத் துரை கம்ப்யூட்டர் சாமான் விற்கும் சாந்தினி மார்க்கெட்டுக்குப் போய்த் தன் இஷ்டத்துக்கு ஒரு கார்டை வாங்கி வந்து மாட்டியும் முடித்துவிட்டான்.

"ரிவ்யூ எல்லாம் பாத்துட்டுத்தான் வாங்கினேன். கேமிங்னா கார்டுதான். புல்லு எப்படி அசையுது பாரு, தண்ணி எப்படி மின்னுது பாரு!"

"எனக்குப் புல்லு வேணாம்டா. புல்லுக்குப் பின்னாடி நிக்கிறவன் தெரியணும்."

அவள் ஆடுவது ஐந்துக்கு ஐந்து பேர் மோதும் துப்பாக்கிச் சண்டை. அழகு பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை. புல், தண்ணீர், நிழல் எல்லாவற்றையும் குறைத்து வைத்துவிட்டுத்தான் அவள் உட்காருவாள். அதற்கு எத்தனை பெரிய கார்டு இருந்தும் ஒரு பிரயோசனமும் கிடையாது. இதையும் அவனிடம் சொல்லியிருந்தாள்.

"அண்ணன் ஆசையா வாங்கிக் குடுத்திருக்கான். ஒரு தேங்க்ஸ் சொல்றாளா பாரு" என்றாள் அம்மா சகுந்தலா. கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸின் அந்த வீட்டில் நியாயம் எப்போதும் இப்படித்தான். கொடுத்தவன் நல்லவன், கோபப்பட்டவள் அடங்காப்பிடாரி.

புதன்கிழமை மாலை அவளுக்குத் தேர்வு ஆட்டம். அகில இந்தியப் பெண்கள் போட்டிக்குப் போகும் ஓர் அணியில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. இரண்டு வருடமாக அவள் ஏங்கிக் கிடந்த இடம். எல்லாரும் ஓரிடத்தில் மோதிய நேரத்தில் திரை உறைந்து நின்றது. மறுபடி அசைந்தபோது அவள் செத்துக் கிடந்தாள். ஒரு தடவை இல்லை, ஆட்டம் முழுக்க அதே கதை.

"உன் கை நல்லா இருக்கு, மெஷின்தான் திக்குது" என்றாள் சென்னையிலிருந்து ஆடும் கேப்டன் பூர்ணிமா. "வெள்ளிக்கிழமை இன்னொரு சான்ஸ் தர்றேன். அப்பவும் இப்படின்னா வேற ஆளைத்தான் எடுக்கணும்."

"நெட்டு ஸ்லோவா இருக்கும்" என்றான் வருண்.

வியாழக்கிழமை கல்லூரியிலிருந்து திரும்பினால், அவள் நாற்காலியில் வருண். பக்கத்தில் ஆபீஸ் லேப்டாப் பெயருக்குத் திறந்து கிடந்தது. திரையில் ஒரு குதிரை. அதன் மேல் ஏறி, அசையும் புல்வெளியில் ஆனந்தமாகப் போய்க்கொண்டிருந்தான். அந்த விளையாட்டைக் கார்டு வாங்கிய அன்றைக்கே ஏற்றியிருக்கிறான். பரிசு யாருக்கு என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சும்மா டெஸ்ட் பண்றேன்" என்றான், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

வெள்ளிக்கிழமை காலை அவன் ஆபீஸுக்குக் கிளம்பியதும் ஹர்ஷினி கல்லூரிக்கு மட்டம் போட்டாள். ஸ்க்ரூவைக் கழற்றி, புதுக் கார்டைப் பெட்டியில் வைத்து, பழையதை இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டு, அவன் வாங்கிய கடைக்கே பஸ் ஏறினாள்.

"இதை வாங்கிட்டுப் போன அண்ணன் வரலையா, தீதி?" என்று கடைக்காரர் வங்காளத்தில் கேட்டார்.

அண்ணன்மேல் இருந்த ஆத்திரத்தில் பாதி அந்த மனிதர் தலையில் இறங்கியது. "விளையாடறது நான். என்கிட்ட பேசுங்க" என்று அவளும் வங்காளத்திலேயே பொரிந்தாள். சீல் உடைத்த பெட்டி என்று முணுமுணுத்து, விலையில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு, பழைய மதர்போர்டிலேயே உட்காரக்கூடிய புராசசர் ஒன்றை அவர் எடுத்துக் கொடுத்தார்.

அதை மாட்டி ஆடிய மாலை ஆட்டத்தில் பத்துப் பேரும் ஒரே சந்தில் மோதிக்கொண்டார்கள். புகை, குண்டு, கூச்சல். திரை ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. இரண்டு நாள் ஆத்திரத்தையும் விரலில் வைத்துக்கொண்டு அவள் ஆடினாள். எதிரணியில் மூன்று பேரை அடுத்தடுத்து அவளே சாய்த்தாள்.

"நாளையிலேர்ந்து பிராக்டிஸுக்கு வந்துடு. அந்த இடம் உனக்குத்தான்" என்றாள் பூர்ணிமா.

சந்தோஷம்தான். ஆனால் வயிற்றெரிச்சல் மட்டும் அடங்கவில்லை. அடங்குவதற்குள் வருண் வந்துவிட்டான். ஷூவைக்கூடக் கழற்றவில்லை. கம்ப்யூட்டர் பெட்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்தவன் வீடு அதிரக் கத்தினான்.

"என் கார்டு எங்கடி?"

சமையலறையிலிருந்து அம்மா வந்து நின்றாள். "உன் கார்டா? அவ பிறந்தநாளுக்குன்னு சொன்னே?"

வருணுக்கு முகம் கறுத்தது. தங்கையின் பக்கம் திரும்பினான். "யாரைக் கேட்டு மாத்தின?"

ஹர்ஷினி ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கினாள்.

"நீ யாரைக் கேட்டு வாங்கினியோ, அவங்களைக் கேட்டுத்தான்."