மூன்று கிளை, நான்கு பிள்ளை

படவேட்டிலிருந்து பேருந்து ஏறி, தார்ச்சாலை முடியும் இடத்தில் இறங்கி, தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு ஜவ்வாது மலையின் அந்தச் சிற்றூருக்குப் பல்லாண்டுகளாய் நடந்தவர் செவிலியர் மதலேனாள். அன்று அவர் மேடேறி வந்தபோது, ரங்கனின் புளியமரத்தடியில் ஓங்கிய கொடுவாளோடு அவர் மகன்கள் நின்றனர்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். ஆண்பிள்ளை பிறந்தால் மரத்தில் ஒரு பெருங்கிளை அவன் பங்கு. பிள்ளை இறந்தால், கிளை உயிரோடிருப்பவனைச் சேரும். ரங்கனோடு பிறந்தவர்களைக் காய்ச்சலும் அம்மையும் கொண்டுபோயின. மரத்தின் மூன்று கிளைகளும் அவர் ஒருவருக்கே வந்தன. விதி என்றார்கள். மருந்து வராத பாதைக்கா விதி என்று பெயர்? அந்தப் பாதையில்தான் மதலேனாள் நடந்தார். ரங்கனின் நான்கு மகன்களும் பிழைத்தார்கள். கிளைகளோ மூன்றே!

கிளையில்லாத கடைக்குட்டி விஜயராஜ், மூத்தவன் சின்னராஜின் கிளையில் ஏறிக் காய் உலுக்கிவிட்டான். அதனால் மூண்டது சண்டை.

"வாங்க நர்சம்மா, வந்து பாருங்க!" என்று கத்தினார் ரங்கன். "அத்தினி பேரையும் பொழைக்க வெச்சீங்க. இப்ப வெட்டிக்கினு சாவறானுங்க. எங்கப்பன் காலத்துல இந்த வம்பு இருந்திச்சா?"

மதலேனாள் பெட்டியை இறக்கிவைத்தார்.

"சரி ரங்கண்ணே. நாலு பேர்ல எவன சாவ வுட்டிருக்கணும்? கையக் காட்டுங்க."

ஆத்திரத்தில் ரங்கனின் கை எழுந்தது. மூத்தவனைத் தாண்டியது; நடுவில் இருந்த இருவரையும் தாண்டியது; விஜயராஜின் முன் நின்றது. அவன் அப்பனையே பார்த்தான். எழுந்த கை தாழ்ந்து, அவர் முகத்தையே மூடிக்கொண்டது.

சின்னராஜின் கொடுவாள் தரையில் விழுந்தது.

"ஊசியக் கண்டு பொதர்ல ஒளிஞ்சவன் நீ," என்றார் மதலேனாள் அவனிடம். "கொடுவா மட்டும் இன்னா தைரியமா புடிக்கற!"

சின்னராஜின் மனைவி ஈஸ்வரி சிரித்துவிட்டாள்.

"நான் ரெண்டு புள்ளையோட போதும்னு நிறுத்திட்டேன் மாமா. நர்சம்மா இருக்காங்க, ரெண்டும் நிக்கும். ஆனா அதுல ஒண்ணு பொண்ணு; அதுக்குக் கிளையே இல்லியா? மரத்த ஒண்ணா உலுக்குங்க. புளிய ஒரே குவியலா கொட்டி, பாடுபட்ட எல்லாருக்கும் பிரிங்க."

உயிர்கள் தழைத்தது குற்றமன்று. சாவை நம்பிப் பங்கு பிரித்த வழக்கமே குற்றம். அதை ரங்கன் வாயால் ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மரத்தடியில் சாக்கை விரித்தார்.

"ஏறுங்கடா நாலு பேரும். எது யாரு கிளைன்னு எவனாச்சும் கேட்டீங்க, தோல உரிச்சிடுவேன்!"