முன் டயர் சாட்சி

எங்கள் தீவில், கராச்சர்மா என்ற ஊரில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் நான். பெயர் நீலாவதி. வண்டியை எங்கே நிறுத்தக் கூடாது என்பதுதான் என் முதல் பாடமே. அப்படிப்பட்ட என் வண்டியையே, நோ பார்க்கிங்கில் நின்றதென்று போலீஸ் தூக்கிக்கொண்டு போயிருந்தது.

கார் நிக்கோபாரில் நர்ஸாக இருக்கும் மகள் ப்ரியங்காவைப் பார்க்க நானும் கணவர் நந்தகுமாரும் கப்பல் ஏறினோம். கப்பலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் விடுகிற இடத்தில்தான், கப்பல்துறை ஜெட்டிக்கு வெளியே மதிலோரம் வண்டியை விட்டேன். அன்று அங்கே பலகை எதுவும் இல்லை. கடல் மோசமாகி, திரும்ப வேண்டிய கப்பல் ரத்தானது. ஒரு வாரம் கழித்து வந்து இறங்கினால் வண்டியைக் காணோம். புதுப் பலகை மட்டும் பளபளவென்று நிற்கிறது.

ஸ்டேஷன் வளாகத்தில் வண்டியைக் கண்டுபிடித்தோம். நந்தகுமார் அரசாங்க ஊழியர். காக்கியைக் கண்டாலே குரல் இறங்கிவிடும்.

"ஃபைனைக் கட்டிட்டுப் போயிடலாம் நீலா. போலீஸ்கூட எதுக்கு வம்பு, லஃப்டா?"

"கட்டினா தப்புன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. நாளைக்கு எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு கிளாஸ் எடுக்கிறது?"

முன் டயரில் ஏதோ சாம்பல் நிறத்தில் அப்பியிருந்தது. அவர் கைக்குட்டையை நனைத்துத் துடைக்கக் குனிந்தார்.

"தொடாதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் வாசல் போலீஸ்காரரே திரும்பிப் பார்த்தார். அப்பியிருந்தது சிமெண்ட். பலகைக்குக் குழி தோண்டிக் கலவை ஊற்றியவர்கள் என் டயருக்கும் கொஞ்சம் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். நின்ற வண்டியை நகர்த்தக்கூடச் சோம்பல்! கோபத்தில் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"போர்ட் லகா ஹை, மேடம். தேக்கா நஹீ?" பலகை வைத்திருக்கிறதே, பார்க்கவில்லையா என்று கேட்டார், உள்ளே மேஜைக்குப் பின்னால் இருந்த சப்-இன்ஸ்பெக்டர்.

"போர்ட் பாத் மே ஆயா சார். காடி பஹ்லே ஸே தா."

பலகைதான் பிறகு வந்தது, வண்டி முன்பே நின்றது என்று சொல்லி, கையோடு வெளியே அழைத்து வந்து டயரைக் காட்டினேன். குனிந்து நகத்தால் சுரண்டினார். சுரண்டாதீர்கள், அதுதான் என் சாட்சி என்றேன்.

சரி, இந்த ஒரு தடவை மன்னித்துவிடுகிறேன், எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். மன்னிப்பா? தப்பு செய்தவர்களுக்கல்லவா மன்னிப்பு!

"மாஃபி நஹீ சாஹியே சார். கேன்சல் லிக்கியே." மன்னிப்பு வேண்டாம், ரத்து என்று எழுதுங்கள் என்றேன்.

டயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே போய் ரத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

நந்தகுமார் வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசல்வரை போய்விட்டார். நான் நகரவில்லை. பக்கத்தில் நின்ற மற்ற இரண்டு ஸ்கூட்டர்களிலும் அதே சிமெண்ட் தெறித்திருந்தது. அவற்றின் சொந்தக்காரர்கள் எந்தத் தீவில் கப்பலுக்குக் காத்துக்கிடக்கிறார்களோ.

"என்ன நீலா, அதான் நம்ம வேலை முடிஞ்சுதே?"

"வண்டியை அங்கேயே ஸ்டாண்ட் போடுங்க. பக்கத்துல யாராவது குழி தோண்டினா மட்டும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போனேன்.