முதல் தடவை எவ்வளவு நேரம்?

அலுவலகத்தில் அவனுக்குப் புள்ளிவிவரம் என்று பெயர். டீ சூடாக இருக்கிறது என்பதைக்கூடத் தசமப் புள்ளி வைத்துச் சொல்கிறவன். அவர்கள் தயாரிப்பது காது மெஷின். அடுத்த மாடலுக்குள் பெரிய சிப்பா, சின்ன சிப்பா என்பது இரண்டு மணிக் கூட்டத்தில் முடிவாகும். முடிவாகிவிட்டால் மூன்று வருஷத்துக்கு மாற்ற முடியாது. இரண்டு சிப்புக்கும் பரீட்சை வைத்தவன் அவன்தான். காலையிலேயே மேனேஜரிடம் மார்தட்டிவிட்டு வந்திருந்தான்.

"பெரிய சிப்தான் மேடம். ரெண்டு மடங்குக்கு மேல வேகம். கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போடலாம்."

வருகிற ஒலியை இரண்டு மில்லிசெகண்டுத் துண்டுகளாக வெட்டி, அடுத்த துண்டு வருவதற்குள் இதைச் சுத்தம் செய்து காதுக்கு அனுப்ப வேண்டும். அதுதான் சிப்பின் பிழைப்பு. ஒரே துண்டை ஆயிரம் தடவை ஓட்டிச் சராசரி எடுத்ததில் சின்னதுக்கு 0.9 மில்லிசெகண்டு, பெரியதுக்கு 0.4. இதற்குமேல் என்ன வேண்டும்?

காதால் கேட்டும் பார்த்துவிடலாம் என்று அக்காவை வரவழைத்திருந்தான். பத்து வருஷமாகக் காது மெஷின் போடுகிறவள். தம்பி என்று தாட்சண்யம் பார்க்காதவள். மேசைமேல் கிடந்த பெரிய சிப்பின் போர்டிலிருந்து ஒயரை இழுத்து அவள் காதில் மாட்டினான்.

"எப்படிக்கா இருக்கு? தெளிவா கேக்குதா?"

"நீ வாயத் திறக்கும்போதெல்லாம் யாரோ சொடக்குப் போடுறாங்க."

ஒயரைச் சந்தேகப்பட்டான். பேட்டரியைச் சந்தேகப்பட்டான். கடைசியில் அக்காவையே சந்தேகப்பட்டான்.

"காது டாக்டர்கிட்ட எப்பக்கா போன?"

"டேய், என் காதுதான் மந்தம், நான் மந்தமில்ல. நீ விடாம பேசினா நல்லாத்தான் இருக்கு. நிறுத்திட்டு ஆரம்பிச்சா டக்குனு ஒண்ணு. நீதான் நிறுத்துறதே இல்லயே, உனக்கு எப்படித் தெரியும்?"

சின்ன சிப்பை மாட்டினான். பேசினான், நிறுத்தினான், பேசினான். சொடக்கு இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு மெல்ல உறைத்தது. பெரிய சிப் தனக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அலமாரி வைத்திருக்கிறது. இப்போது செய்த வேலைக்கான சாமான் அதில் இருக்கும், மறுபடி அதே வேலை என்றால் கை நீட்டினால் போதும். அறை அமைதியானால் வேறு வேலை, வேறு சாமான். பழையது வெளியே போய்விடும். யாராவது பேச ஆரம்பித்ததும் தூரத்துக் கிடங்குக்கு ஓட வேண்டும். சின்னதுக்கு அலமாரியும் இல்லை, கிடங்கும் இல்லை, எல்லாம் மடியிலேயே. ஒரே கேள்வியை ஆயிரம் தடவை கேட்டால் எந்த மக்கும் பட்டென்று பதில் சொல்வான். அவன் வைத்த பரீட்சை அதுதான்.

சராசரியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அமைதிக்குப் பிறகு வரும் முதல் துண்டை மட்டும் அளந்தான். பெரியது 2.6, இரண்டைத் தாண்டிவிட்டது. சின்னது அதே 0.9.

இரண்டு மணிக்கு, காலையில் தானே வரைந்த சராசரிப் படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்டுத் திரையில் காட்டினான்.

"சின்ன சிப் மேடம்."

"காலைல பெரியத தலைல தூக்கி வச்சு ஆடினீங்க?"

"ஆடினது நான்தான், தப்பும் என்னுதுதான். காலைல சராசரியப் பாத்தேன். காது சராசரியா கேக்காது மேடம், ஒவ்வொரு துண்டாத்தான் கேக்கும். ஒண்ணு லேட்டானாலும் சொடக்கு."

மேனேஜர் இரண்டு எண்களையும் பார்த்தார். 2.6-ஐ ஒரு தடவை தட்டினார். பிறகு சின்ன சிப்புக்குக் கையெழுத்துப் போட்டார், கண்ணைத் திறந்துகொண்டே.

அவன் திரும்பி வந்தபோது அக்கா சின்ன சிப்பின் போர்டை, தொங்குகிற ஒயரோடு, கைப்பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா! அது ஆபீஸ் சொத்து. மெஷினா வர இன்னும் எட்டு மாசம் ஆகும்."

"எட்டு மாசமா? நாளைக்கு என் பொண்ணு ஸ்கூல்ல மேடையேறிப் பேசுறா. போ, உங்க மேடத்துக்கிட்ட கேளு. நீதான் நல்லா பேசுவியே."

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அவன் மறுபடி மேனேஜர் அறைக் கதவைத் தட்டினான். இந்தத் தடவை கையில் ஒரு எண்ணும் இல்லை.