உங்காலைக் கொப்பு

எங்கள் வளவு மாமரம் கறுத்தக்கொழும்பான். கொக்குவிலில் அதைப் போல இன்னொன்று இல்லை என்று சொல்ல மாட்டேன்; இருந்தால் அதன் சொந்தக்காரன் என்னோடு கதைக்க வேண்டியிருக்கும். அதன் பாதிக் கொப்புகள் மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுப் பத்மாவதியின் குசினிக் கூரைச் சீற்றுக்கு மேல் நின்றன. மாங்காய் விழுந்து சீற்று உடைகிறது என்று அவள் சொன்னாள். நியாயம்தான். மரம் வெட்டும் கொந்துறாத்துக்காரன் பிரகாஸைக் கூப்பிட்டேன்.

அவன் அவளுடைய வளவுக்குள் போய் நின்று அண்ணாந்து பார்த்தான். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று தெளிவாகச் சொன்னேன்.

"தம்பி, உங்காலை நிக்கிற கொப்பு முழுக்க வெட்டவேணும்."

உங்காலை என்றால் கேட்கிறவன் நிற்கிற பக்கம்; அதாவது பத்மாவதியின் பக்கம். அவன் "ஓம் ஐயா" என்று சொல்லி, அங்கே நின்றபடியே எஸ்ரிமேற்றை எழுதினான்: 'உங்காலை உள்ள கொப்புகள் முழுவதும் வெட்டப்படும்.' பிறகு படலையால் சுற்றி வந்து என்னிடம் நீட்டினான். நான் சொன்னது சொன்னபடி இருந்தது. கையெழுத்து வைத்தேன்.

அவன் வெட்ட வந்த நாள் நான் ஒரு செத்த வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் செத்த வீடு எங்கள் முற்றத்தில். என் பக்கத்துக் கொப்பு ஒன்றும் இல்லை. பத்மாவதியின் பக்கம் ஓர் இலைகூடக் குறையவில்லை.

"என்ன வேலை பாத்தனீர்?" என்றேன்.

"எஸ்ரிமேற்றிலை உள்ள வேலை. கையெழுத்து வைக்கேக்கை எங்கை நிண்டனீங்கள்? இந்தப் பக்கம். பேப்பரிலை என்ன கிடக்கு? உங்காலை. அப்ப உங்கடை பக்கம்."

"நான் சொல்லேக்கை நீர் அங்காலை நிண்டீர்."

"சொன்னதுக்குக் கையெழுத்து இல்லை ஐயா. எழுதினதுக்குத்தான்."

மற்றப் பக்கத்தையும் வெட்டச் சொன்னேன். அதற்குப் புது எஸ்ரிமேற், புதுக் கையெழுத்து வேண்டுமாம். வைத்தால் முதலாவது சரி என்று ஒப்புக்கொண்ட கணக்கு. வைக்கமாட்டேன் என்றேன். மெசின்வாளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

பாரமெல்லாம் ஒரு பக்கம் ஆகிவிட்டதால் மரம் சரியத் தொடங்கியது. வேர்ப்பக்கம் மண் பிளந்தது. விழுந்தால் மரமும் இல்லை, பத்மாவதிக்குக் குசினியும் இல்லை. மரத்தில் நைலோன் கயிற்றைக் கட்டினேன். மறுநுனியைக் கட்ட எங்கள் பக்கம் எதுவும் இல்லாததால் என் இடுப்பில் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்தேன்.

கோபம் வந்தால் எனக்கு நிறை கூடும். இது பரம்பரையில் உள்ளது. என் தகப்பனார் சங்கக்கடையில் சண்டை பிடித்த கையோடு தராசில் ஏற, மற்றத் தட்டில் இருந்த அரிசி மூட்டை முகட்டில் போய் ஒட்டிக்கொண்டது. பார்த்தவர்கள் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை. அதனால் மறுப்பாரும் இல்லை. நான் பிரகாஸை நினைத்தேன். கதிரைக் கால்கள் நிலத்தில் இறங்கின. மரம் நின்றது.

பின்னேரம் என் மனைவி ஞானாம்பிகை இஞ்சித் தேத்தண்ணி தந்தாள். நன்றாயிருந்தது. மரம் ஒரு சாண் சரிந்தது.

மதிலுக்கு மேலால் பத்மாவதியின் தலை வந்தது. "அண்ணை, கண்ணாடி போட்டிட்டுக் கையெழுத்து வைக்கிறதெண்டு ஒரு வழக்கம் இருக்கு."

மரம் நிமிர்ந்தது. அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. என் மனைவிக்கும் விளங்கிவிட்டது. இரண்டு பெண்களும் எனக்குக் கோபமூட்ட முறை வைத்துக்கொண்டார்கள்.

"கலியாண எழுத்திலையும் வாசிக்காமல்தான் வைச்சவர்" என்றாள் ஞானாம்பிகை.

"அங்கையும் உங்காலையெண்டுதான் எழுதியிருந்ததோ அக்கா?"

"வாசிச்சிருந்தால் நான் தப்பியிருப்பன்" என்றேன். அன்றிரவு சோற்றுக்குக் கறி இல்லை. மரத்துக்கு அது நல்லது.

மரம் விழுந்தால் பழி தன் தலையில் என்று யாரோ சொல்லி, பிரகாஸ் திரும்பி வந்தான். முகம் வாடியிருந்தது.

"ஐயா, யோசிச்சுப் பாத்தன். பிழை என்னிலைதான்."

அந்தச் சொல் என் நெஞ்சுக்குள் போய்க் குளிர்ந்தது. கதிரை நிலத்தைவிட்டு எழும்பியது. கயிறு என்னை மதிலை நோக்கி இழுத்தது.

"தம்பி, மன்னிப்புக் கேளாதையும்" என்றாள் பத்மாவதி. "என்ரை குசினி போகப்போகுது."

பிரகாஸ் கெட்டிக்காரன். சட்டைப்பையிலிருந்து பேப்பரை எடுத்து விரித்தான். "உங்காலை. தமிழ் விளங்காட்டிக் கேட்டிருக்கலாம் ஐயா."

தபாற்கந்தோரில் ஊராரின் கோழிக்கிறுக்கல் விலாசமெல்லாம் வாசித்தே பென்சன் எடுத்தவன் நான். என்னைப் பார்த்துத் தமிழ் விளங்காதாம். கதிரை கிணற்றுக்குத் தோண்டியது போல இறங்கியது. மரம் விறைத்து நின்றது. அவன் பத்மாவதியின் பக்கத்தால் ஏறினான். ஒரு கொப்பு வெட்டுவான், மெசினை நிறுத்துவான், "உங்கடை கையெழுத்தும் கோழிக்கிறுக்கல்தான் ஐயா" என்பான், அடுத்த கொப்புக்குப் போவான்.

கடைசிக் கொப்பும் விழுந்த பிறகு மரத்தின்மேல் இருந்தபடியே ஒரு பேப்பர் எழுதிக்கொண்டு இறங்கினான். கண்ணாடியைப் போட்டு வாசித்தேன். 'ஐயா சொன்னபடி அங்காலை உள்ள கொப்புகள் வெட்டப்பட்டன.'

"இதை எங்கை இருந்து எழுதினனீர்?"

"மரத்திலை இருந்து."

"மரத்திலை இருந்து பாத்தால் எந்தப் பக்கம் அங்காலை?"

அவன் யோசித்தான். "ரெண்டும்தான் ஐயா."

இரண்டு பக்கமும் நான் சொல்லித்தான் வெட்டியதாகக் கையெழுத்துக் கேட்கிறான். பேப்பரைக் கிழித்தேன். கிழித்த வேகத்தில் மரம் எங்கள் வீட்டுப் பக்கம் சரிந்தது.

"இஞ்சேருங்கோ" என்றாள் ஞானாம்பிகை. "அங்காலை இப்ப பாரமில்லை. இனியும் கோவிச்சியளெண்டால் மரம் வேரோடை வந்திடும்."

மரத்தைப் பார்த்தேன். பிரகாஸைப் பார்த்தேன். அவன் அடுத்த பேப்பரை எடுத்துக்கொண்டிருந்தான். என் கோபத்தால் நின்ற மரம், என் கோபத்தால் விழப்போகிறது. இடுப்புக்குக் கை போனது. முடிச்சை அவிழ்த்தேன்.

மரம் நேரே நின்றது. இப்போது துளிர்த்தும் விட்டது, இரண்டு பக்கமும். பிரகாஸ் எங்கள் தெருவால் போகும்போது மோட்டார் சைக்கிளை மெதுவாக்கிப் பார்ப்பான். நான் அவனுடன் கதைப்பதில்லை. அன்றைக்கு அவிழ்த்தது கயிற்றை மட்டும்தான். கதிரை இன்னும் நிலத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது.