சிப் தூங்கிய நேரம்

நாங்கள் உருவாக்கிவந்த மூச்சுக் கருவியின் அலாரம் சில சமயம் தாமதமாக ஒலித்தது. நோயாளிக்கு மூச்சு நின்றால் உடனே கத்த வேண்டிய கருவி, ஆற அமரக் கத்தினால் எதற்கு ஆகும்? நல்லவேளை, இன்னும் விற்பனைக்குப் போகவில்லை. கோளாறு கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னலின் டைமர் பகுதியில்தான் என்று மேலாளர் அடித்துச் சொன்னார். அதை எழுதியவன் என் அண்ணன். போன வருடம் மாரடைப்பில் போய்விட்டான். செத்தவன் தலையில் பழியைக் கட்டுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணியும் எங்கள் அணியில்தான் இருந்தார். அண்ணன் எழுதியதில் தப்பே இருக்காது என்று ஒரே பிடியாக நின்றார். அதை நிரூபிக்கத்தான் இருவரும் உட்கார்ந்தோம்.

கோளாறு எங்களுக்குப் போக்குக் காட்டியது. டைமர் எப்போது அடிக்கிறது என்று திரையில் காட்ட இரண்டு வரி சேர்த்தால் சமர்த்தாக நேரத்துக்கு அடித்தது. எடுத்துவிட்டால் மறுபடி வேலையைக் காட்டியது. அப்பா வரும் சத்தம் கேட்டதும் புத்தகத்தைத் திறக்கிற பிள்ளை மாதிரி என்றேன். அண்ணி சிரிக்கவில்லை.

திரையில் எதுவும் எழுதாமல், கருவியின் சிப்பில் வயரை மாட்டி, மின்துடிப்பை வரைந்து காட்டும் அலைக்காட்டியில் பார்த்தோம். விஷயம் பிடிபட்டது. வேலை இல்லாத நேரத்தில் பேட்டரியை மிச்சம் பிடிக்க சிப் தூங்கப் போனது. அதற்குள் அண்ணன் நம்பியிருந்த கடிகாரமும் கூடவே நின்றுவிட்டதால் அலாரம் பிந்தியது. தூங்காத இன்னொரு கடிகாரத்திடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத்தான் சிப் தூங்கப் போக வேண்டும். அப்படிச் செய்யச் சொல்லும் வரியை அவன் எழுதவில்லை. நாங்கள் திரையில் எழுத வைத்தபோதெல்லாம் அந்த வேலையே சிப்பைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது.

"அவரும் எப்பவும் இதே மாதிரி திரையில லாக் எழுதவிட்டுத்தான் டெஸ்ட் பண்ணுவாரு, தம்பி. சிப் தூங்கி அவர் பாத்ததே இல்ல" என்றார் அண்ணி.

சிப் செய்தவர்கள் மேல் குற்றத்தைத் தள்ளிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அண்ணியின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். நீங்கள் வீட்டுக்குப் போங்கள், பழையதை அழித்து நான் மாற்றி எழுதிவிடுகிறேன் என்றேன்.

அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வேணாம் தம்பி. அவர் எழுதினதை வேற யார் அழிச்சாலும் என்னால தாங்க முடியாது."

ஒவ்வொரு வரியையும் வாய்க்குள் படித்துவிட்டு அழித்தார். எனக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை, கடைசி வரியில் மட்டும் நெடுநேரம் கை வைக்காமல் இருந்தார்.